ஒரு காசோலையை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

வாடிக்கையாளர் ஒருவர் காசோலையில் கையொப்பமிட்டு, பெறவேண்டியவரிடம் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். சிறிது காலத்தில் அவரது கணக்கில் பற்று விழுந்ததாகக் குறுஞ்செய்தி வருகிறது. இடையில் என்ன நடந்தது என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படி எண்ணிப் பார்க்கும் தேவையே அவருக்கு ஏற்படாதிருப்பதை வங்கியின் நற்சான்றாகவும் கொள்ளலாம். ஆயினும் அந்தச் சிறு தாள் கடந்து செல்லும் வழியைக் கூர்ந்து நோக்கினால், இன்று எல்லா அலுவலகங்களின் முன்னும் நிற்கும் ஒரு கேள்வி அதில் அடங்கியிருப்பது தெரியும். மனிதரும் கணினியும் சேர்ந்து வேலை செய்யும் அமைப்பில் எதை இயந்திரம் பார்க்கவேண்டும், எதை மனிதர் பார்க்கவேண்டும், மனிதர் பார்க்கும்போது அவர் கண்முன் எவற்றை வைக்கவேண்டும் என்பதே அக்கேள்வி.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எழுந்த கேள்வி இது என்று பலர் எண்ணுகின்றனர். வங்கியைப் பொறுத்தவரை இது கணினிக்கும் முந்தையது.

பித்தளை டோக்கன் காலம்

கணினி வருவதற்கு முன்பிருந்த கிளையைப் பழைய வாடிக்கையாளர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். காசோலையை முகப்பில் கொடுத்தால், எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று கைக்கு வரும். எழுத்தர் கனத்த பேரேட்டைத் திறந்து, தேதி சரியா, எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா, கணக்கில் இருப்பு உண்டா, பணம் கொடுக்க வேண்டாம் என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த குறிப்பு ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துப் பற்று எழுதுவார். பின்னர் காசோலை அலுவலரிடம் போகும். அவர் மாதிரிக் கையொப்ப அட்டையை எடுத்து ஒப்பிட்டு, பணம் கொடுக்கலாம் என்று கையெழுத்திடுவார். அதன்பின் காசாளர் டோக்கன் எண்ணைக் கூவி அழைத்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்.

நான் பணியில் சேர்ந்தபோது அந்தப் பேரேடுகள் அலமாரிக்குப் போய்விட்டிருந்தன. மூத்தவர்கள் சொல்லக் கேட்டதும், பி.காம். வகுப்பில் தணிக்கைப் பாடத்தில் படித்ததுமே எனக்குத் தெரிந்தவை. ஒருவர் செய்த வேலையை மற்றொருவருடைய வேலை தானாகவே சரிபார்க்கும்படி பணிகளைப் பிரிக்கவேண்டும் என்று அந்தப் பாடம் சொல்லும். பணத்தைத் தொடுபவர் பேரேட்டைத் தொடக்கூடாது. பேரேடு எழுதுபவர் தாம் எழுதியதற்குத் தாமே ஒப்புதல் தரக்கூடாது. ஒரு கணினிகூட இல்லாத அந்தக் கிளையே முழுமையான ஒரு தகவல் அமைப்பாக இருந்தது என்பதை அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. தகவல் எங்கே பிறக்கிறது, எவர் கையில் போகிறது, எவர் அதைத் தடுத்து நிறுத்தலாம் என்பதெல்லாம் மேசைகளின் வரிசையிலேயே எழுதப்பட்டிருந்தது.

விதிமுறைப் புத்தகத்தில் இல்லாத ஒன்றும் அங்கே இருந்தது. பேரேடு எழுதுபவருக்குத் தம் பக்கங்களில் உள்ள மனிதர்களைத் தெரியும். எந்த மளிகைக் கடைக்காரர் திங்கட்கிழமை கொள்முதலுக்குக் காசோலை தருவார், எந்த ஓய்வூதியர் மாதம் ஒருமுறைதான் பணம் எடுப்பார் என்பது அவர் மனத்தில் இருக்கும். வழக்கத்துக்கு மாறாக ஒரு பெருந்தொகைக் காசோலை வந்தால், கையொப்பம் சரியாகவே தோன்றினாலும், அலுவலரிடம் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி வைப்பார். இன்று பெருஞ்செலவில் நிறுவப்படும் மோசடிக் கண்காணிப்பு மென்பொருள் செய்ய முயல்வது பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையைத்தான்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன். தெரிந்த முகத்துக்கு விரைவும் தெரியாத முகத்துக்குக் காத்திருப்பும் என்ற பாகுபாடு அதே நினைவாற்றலிலிருந்துதான் பிறந்தது. பேரேடுகளைச் சமன்செய்யும் வேலை பல கிளைகளில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. எழுத்தர் விடுப்பில் போனால் அவர் மனத்தில் இருந்த தகவலும் விடுப்பில் போயிற்று.

1983ஆம் ஆண்டில் வங்கி நிர்வாகங்களின் சார்பில் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயமாக்கல் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டன. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் தன் அறிக்கையை அளித்தது. அக்காலத்து விவாதங்களில் மேலோங்கி நின்றது வேலைவாய்ப்பு. எத்தனை பேருக்கு வேலை போகும், எத்தனை இயந்திரங்களை அனுமதிக்கலாம் என்பதே பேச்சு. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் எத்தனை பேர் என்ற கேள்வியின் இரைச்சலில், எந்த இடத்தில் எவர் என்ற கேள்வி உரிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் எண்ணம். அது பின்னாளில் ஒவ்வொன்றாகத் தீர்க்கப்பட்டது. காசோலைத் தீர்வு முறையில் அதைத் தெளிவாகக் காணலாம்.

தாள் நின்றது, படம் பயணப்பட்டது

உங்கள் காசோலையின் அடிப்பகுதியில் சற்றே விநோதமான வடிவில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை காந்த மையால் ஆனவை. முதல் ஆறு இலக்கங்கள் காசோலை எண். அடுத்த ஒன்பதும் நகரம், வங்கி, கிளை ஆகியவற்றை மும்மூன்று இலக்கங்களால் குறிப்பவை. சென்னைக் கிளைகளுக்கு அந்த ஒன்பதும் 600 என்று தொடங்கும். 1980களில் பெருநகரங்களில் நிறுவப்பட்ட இயந்திரங்கள் இந்த வரியைப் படித்து, கட்டுக்கட்டாகக் காசோலைகளை வங்கிவாரியாகப் பிரித்தன. கையால் பிரித்த வேலை இயந்திரத்துக்குப் போயிற்று. ஆனால் கையொப்பத்தையும் கையெழுத்தையும் இயந்திரம் பார்க்கவில்லை; அவற்றுக்காகவே தாள், பணம் கொடுக்கவேண்டிய கிளை வரை பயணம் செய்தது.

பெரிய மாற்றம் 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் புதுடெல்லியில் தொடங்கியது. காசோலையை அதைப் பெற்ற வங்கியிலேயே நிறுத்திவிட்டு, அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறை அன்று நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு அது 2011 செப்டம்பர் 24 அன்றும், மும்பைக்கு 2013 ஏப்ரல் 27 அன்றும் வந்தது. சி.டி.எஸ். என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் இம்முறையில் ஒரு காசோலைக்கு மூன்று படங்கள் எடுக்கப்படுகின்றன. முன்பக்கம் சாம்பல் நிறச் சாயல்களுடன் ஒன்று, முன்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று.

இந்த மாற்றத்தால் நாட்கள் மிச்சமாயின என்பதை எல்லோரும் அறிவார்கள். எவருடைய கண்ணில் எது படும் என்பதே மாறிப்போனது பலர் கவனிக்காத செய்தி. கணக்கு வைத்திருக்கும் வங்கியின் அலுவலர் முன்பு தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். சுரண்டப்பட்ட இடம் விரலுக்குத் தெரியும். இரண்டாவது பேனாவின் மை கண்ணுக்குத் தெரியும். இன்று அவர் முன் இருப்பது திரையில் ஒரு படம். மாறாக, தாளைக் கையில் வைத்திருக்கும் வங்கிக்கு அந்தக் கையொப்பம் யாருடையது என்பது தெரியாது. தாளைப் பார்ப்பவர் ஒருவர், கணக்கை அறிந்தவர் மற்றொருவர் என்று அறிவு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

இதைச் சட்டம் எதிர்கொண்ட விதம் பாராட்டத்தக்கது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டபோது, காசோலையைப் பெற்றுப் படமாக அனுப்பும் வங்கியே தாளின் மேற்பரப்பில் தென்படக்கூடிய போலித்தனத்தையும் திருத்தங்களையும் உரிய கவனத்துடன் பார்க்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. தாள் எவர் கையில் இருக்கிறதோ, தாளைப் பற்றிய பொறுப்பு அவருக்கு. ஆகவேதான் நீங்கள் முகப்பில் தரும் காசோலையை ஊழியர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைப் பார்க்கிறார். புற ஊதா விளக்கின் கீழ் வைத்து வங்கியின் மறைமுகச் சின்னம் ஒளிர்கிறதா என்று நோக்குகிறார். உங்கள் மீதான ஐயத்தால் அவர் அப்படிச் செய்வதில்லை. அந்தத் தாளைத் தொட்டுப் பார்க்கப்போகும் கடைசி மனிதர் பெரும்பாலும் அவர்தான்.

அதே திருத்தம் மற்றொரு வழியையும் திறந்து வைத்தது. படத்தைப் பார்க்கும் வங்கிக்கு நியாயமான ஐயம் எழுந்தால், மேலும் விவரம் கேட்கலாம். தாளையே அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். இது சிறிய ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் ஐயம் கொண்டவருக்குக் கேட்பதற்கு ஒரு வழி இல்லாவிட்டால், அவர் ஐயத்தை விழுங்கிக்கொண்டு பொத்தானை அழுத்திவிடுவார். நல்ல அமைப்பை வடிவமைப்பவர்கள் முதலில் இந்த வழியைத் திறந்து வைக்கிறார்கள்.

காசோலையில் அடித்தல் திருத்தல் கூடாது என்ற விதிக்கும் காரணம் இதுவே. தேதியைப் புதுப்பிப்பது நீங்கலாக, பெயரிலோ தொகையிலோ திருத்தம் செய்து பக்கத்தில் கையெழுத்திட்டாலும் படவழித் தீர்வில் அது ஏற்கப்படாது. முன்பு ஏற்றுக்கொண்டீர்களே என்று மூத்த வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. முன்பு தாளைத் தொட்டுப் பார்த்தோம். இப்போது தொட முடியாது என்பதே மறுமொழி.

மூன்றாவது கண்

கணக்கு வைத்திருக்கும் வங்கியின் அலுவலர் திரையில் என்ன பார்க்கிறார்? ஒரு பக்கம் காசோலையின் படம், மறுபக்கம் மாதிரிக் கையொப்பம். அவர் நாள்தோறும் இப்படி ஏராளமானவற்றைப் பார்க்கிறார். நூறாவது கையொப்பத்தைப் பார்க்கும் கண்ணும் முதலாவதைப் பார்த்த கண்ணும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் வடிவமைப்பு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் கிடைக்கிறது. இரண்டு கையொப்பங்களை மட்டும் காட்டினால், அலுவலரை ஓர் ஒப்பிடும் இயந்திரமாக ஆக்குகிறோம். அந்த வேலையில் மனிதர் இயந்திரத்திடம் தோற்பார். அதே திரையில், இந்தக் காசோலை எண் எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது, அதற்கு முந்தைய எண்கள் வந்துவிட்டனவா, இந்தக் கணக்கில் வழக்கமாக எவ்வளவு தொகைக்குக் காசோலை வரும் என்பவற்றையும் காட்டினால் அவர் யோசிக்கத் தொடங்குகிறார். புத்தகத்தின் நடுவிலிருந்து திடீரென ஒரு தாள் வந்திருந்தால் காரணம் ஒன்று இருக்கவேண்டும். வீட்டிலோ கடையிலோ எவரேனும் கிழித்திருக்கலாம். வாடிக்கையாளரே இடம்விட்டு எழுதியும் இருக்கலாம். எது என்று முடிவு செய்வது மனிதர் வேலை. கேள்வி எழும்படி காட்டுவது கணினியின் வேலை. அன்றைய பேரேட்டு எழுத்தரின் ஒரு வார்த்தை இப்படித்தான் திரும்பக் கிடைக்கும்.

2021ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் இந்த ஏற்பாட்டுக்குள் இன்னொருவரும் வந்தார், அவர் வாடிக்கையாளர். பாசிட்டிவ் பே என்னும் முறைப்படி, ரூ.50,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்குக் காசோலை எழுதுபவர், அதன் தேதி, பெறுபவர் பெயர், தொகை முதலிய விவரங்களைச் செயலி, இணைய வங்கி, குறுஞ்செய்தி போன்ற வழிகளில் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். காசோலை வந்ததும் கணினி இரண்டையும் ஒப்பிடுகிறது. ரூ.5 லட்சமும் அதற்கு மேலுமான காசோலைகளுக்கு இதைக் கட்டாயமாக்குவதை ரிசர்வ் வங்கி அந்தந்த வங்கியின் முடிவுக்கு விட்டது. தெரிவிக்கப்பட்ட காசோலைகள் மட்டுமே தீர்வு மையங்களின் தகராறு தீர்க்கும் ஏற்பாட்டில் ஏற்கப்படும் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

முகப்பில் இதைப் பற்றிப் பேசும்போது, வங்கி தன் வேலையை எங்கள் தலையில் கட்டுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் குறையை நான் முற்றிலும் தள்ளிவிடமாட்டேன்; இரண்டு நிமிடமானாலும் அது வேலைதான். எனினும் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். கையொப்பம் போலியா என்று அலுவலர் ஊகிக்கவேண்டும். தொகை மாற்றப்பட்டதா என்று எதிர் வங்கி ஊழியர் தாளைப் பார்த்து ஊகிக்கவேண்டும். ஊகம் இல்லாமல் அறிந்தவர் உலகில் ஒருவரே. அவர் அந்தக் காசோலையை எழுதியவர். அவரை வெளியே நிறுத்திவிட்டு எத்தனை நுட்பமான கருவியை உள்ளே வைத்தாலும் அது சுற்றி வளைத்த வழியாகவே இருக்கும்.

பதில் சொல்லாவிட்டால்?

2025 அக்டோபர் 4 முதல் காசோலைத் தீர்வு இன்னொரு படி மாறியது. முன்பு ஒரு நாளின் காசோலைகள் தொகுதியாக அனுப்பப்பட்டன. இப்போது வரும் காசோலைகள் உடனுக்குடன் படமாக்கப்பட்டுத் தொடர்ச்சியாக அனுப்பப்படுகின்றன. கணக்கு வைத்திருக்கும் வங்கி மாலை 7 மணிக்குள் ஏற்பா மறுப்பா என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால்? ஏற்றதாகவே கொள்ளப்பட்டு, தீர்வில் சேர்க்கப்படும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு நேர வரம்பு மட்டுமே. உண்மையில் மௌனத்துக்கு என்ன பொருள் என்று விதித்திருக்கிறார்கள். மௌனம் மறுப்பு என்று வைத்திருந்தால், ஒரு வங்கியின் சோம்பலுக்கு நேர்மையான வணிகர் ஒருவரின் காசோலை பலியாகும்; காசோலை திரும்புவது அவருக்கு மானப் பிரச்சினை. மௌனம் சம்மதம் என்று வைத்ததால், சோம்பலின் சுமை வங்கியின் மீதே விழுகிறது. ஆகவே வங்கி தன் ஆட்களையும் திரைகளையும் 7 மணிக்குள் வேலை முடியும்படி அமைத்தே தீரவேண்டும். இதுவே சரியான தேர்வு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மாலை ஆறரை மணிக்கு இன்னும் பார்க்கவேண்டிய படங்கள் குவிந்திருக்கையில் ஓர் அலுவலர் எவ்வளவு நேரம் ஒன்றின் மீது ஐயம் கொள்ள முடியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே மேசைகளை நிரப்பவேண்டும்.

பத்தாயிரம் எச்சரிக்கைகள்

காசோலையை விட்டு மின்னணுப் பரிவர்த்தனைக்கு வருவோம். 2016இல் யூபிஐ வந்த பிறகு தேநீர்க் கடை வரை சென்றுவிட்ட இப்பரிவர்த்தனைகளை மனிதர் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடவாத செயல். கணினிதான் பார்க்கிறது, ஐயத்துக்குரியவற்றை மட்டும் எடுத்து மனிதரிடம் தருகிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை.

பத்து லட்சம் பரிவர்த்தனைகள் நடக்கின்றன. அவற்றில் 100 மோசடி என்று கொள்வோம். நம் மென்பொருள் மிகத் திறமையானது. மோசடிகளில் 90ஐப் பிடித்துவிடும். நல்ல பரிவர்த்தனைகளில் நூற்றுக்கு ஒன்றை மட்டுமே தவறாக ஐயுறும். நூற்றுக்கு ஒன்றுதானே என்று தோன்றும். நல்லவை 9,99,900; அவற்றில் நூற்றுக்கு ஒன்று என்றால் 9,999. ஆக மொத்தம் 10,089 எச்சரிக்கைகள். உண்மையான மோசடி அவற்றில் 90. அதாவது சுமார் 112 எச்சரிக்கைகளைத் திறந்தால்தான் ஒரு திருடன் அகப்படுவான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் என்றால் 840 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் வேலை செய்யும் 120 பேர் ஒரு நாள் முழுவதும் உட்காரவேண்டும்.

அத்தனை பேர் இருக்கமாட்டார்கள். பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் நூறு பொய் எச்சரிக்கைகளைப் பார்த்து மூடிய பிறகு, அடுத்ததையும் மூடுவதற்கே கை பழகிவிடும். அவர்களிடம் நேர்மைக் குறைவோ அக்கறைக் குறைவோ இல்லை. மனித இயல்பு அது. இவ்வாறு பழகிப்போவதைக் குற்றமாக எழுதிவைத்து விசாரணை நடத்துவதைவிட, எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்க உழைப்பது பயன் தரும்.

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், 1978இல் பொருளாதாரத்துக்கான நோபல் நினைவுப் பரிசு பெற்றவர். அலுவலகங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த அவர், 1971இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இந்த இக்கட்டைத் தெளிவாகச் சுட்டினார். தகவல் பெருகும் இடத்தில் அரிதாகிப்போவது மனிதரின் கவனம் என்றும், மேலும் தகவலைக் கொண்டுவந்து கொட்டும் அமைப்பைவிட, மனிதர் பார்க்கவேண்டியதைக் குறைத்துத் தரும் அமைப்பே நல்லது என்றும் அவர் வாதிட்டார். இன்று கணினித் திட்டங்களைப் பற்றிய கூட்டங்களில் இத்தனை அறிக்கைகள் கிடைக்கும் என்று பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், அவற்றில் எத்தனையை எவர் எப்போது படிப்பார் என்ற கேள்வி என் மனத்தில் எழுகிறது.

பொய் எச்சரிக்கைக்கு அலுவலரின் சோர்வைத் தவிர வேறொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவர் வாடிக்கையாளர். மோசடிப் பணம் கைமாறிவரும் வழியில், ஒரு சிறு பகுதி எங்கோ ஒரு சிறு வணிகரின் கணக்கில், அவர் விற்ற பொருளுக்கான விலையாக வந்து விழுகிறது. அவர் ஒன்றும் அறியார். கணக்கு முடக்கப்படுகிறது. மறுநாள் கொள்முதலுக்குப் பணம் இல்லை. கிளைக்கு வந்து கேட்டால், எவர் முடக்கச் சொன்னார், எந்தத் தொகைக்காக என்று சொல்ல முகப்பில் இருப்பவரின் திரையில் போதிய விவரம் இல்லை. இத்தகைய நிலையைப் பற்றி நாடெங்கும் முறையீடுகள் எழுந்துள்ளன. முடக்கும் அதிகாரம் ஓரிடத்திலும் விளக்கம் சொல்லவேண்டிய மனிதர் வேறிடத்திலும் இருந்தால் அந்த வடிவமைப்பு நிறைவடையவில்லை என்றே சொல்லவேண்டும். ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைப்பதும், காரணத்தை முகப்பு ஊழியருக்கும் காட்டுவதும் கணினிக்குக் கடினமான வேலைகள் அல்ல.

பிறர் பணத்தைக் கடத்த வாடகைக்கு விடப்படும் கணக்குகளைக் கண்டறிய, ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹன்டர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியிருக்கிறது. குறித்த தொகைக்கு மேல் என்றால் நிறுத்து என்பது போன்ற மாறாத விதிகளை மட்டும் நம்பாமல், கணக்குகளின் நடத்தைப் போக்கைக் கற்றுக்கொண்டு இனங்காண்பது அதன் நோக்கம். நல்லவரைத் தவறாகப் பிடிப்பது குறையும் என்பதே இத்தகைய கருவிகளிடம் நாம் எதிர்பார்க்கவேண்டிய முதல் நன்மை. 2025 ஆகஸ்டில் வெளியான, நிதித்துறையில் செயற்கை நுண்ணறிவு பற்றிய ரிசர்வ் வங்கிக் குழுவின் அறிக்கை ஏழு அடிப்படை நெறிகளை வகுத்தது. நம்பிக்கை, மனிதருக்கு முதலிடம், புரிந்துகொள்ளத்தக்க வடிவமைப்பு ஆகியவை அவற்றில் அடங்கும். மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் புஷ்பக் பட்டாச்சார்யா அக்குழுவின் தலைவர்.

எல்லாம் சரியாக இருக்கும் மோசடி

கணினி எதைப் பார்க்க முடியாது என்பதற்கு இன்று நாட்டையே அலைக்கழிக்கும் சான்று ஒன்று உண்டு. காவல்துறை அல்லது சுங்கத்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு காணொளியில் அழைத்து, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், எவரிடமும் பேசக்கூடாது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம் அது. அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்கு இது பரவிவிட்டது.

இந்தக் குற்றத்தில் கடவுச்சொல் களவாடப்படுவதில்லை. ஓடிபி சரியான கைப்பேசிக்கே போகிறது. கையொப்பம் உண்மையானது. நிரந்தர வைப்பை முன்கூட்டியே முறித்து, பெருந்தொகையை அனுப்பச் சொல்லி வாடிக்கையாளரே வந்து நிற்கிறார். கணினியின் ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை கிடைக்கிறது. அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரம்பிட்ட 2017 ஜூலைச் சுற்றறிக்கை பெரும் பாதுகாப்பு. மூன்றாம் தரப்பு மீறலை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பே இல்லை என்கிறது. ஆனால் அவரே அனுமதித்து அனுப்பிய பணத்துக்கு அந்தக் குடை எளிதில் விரியாது.

இங்கே பார்க்கவேண்டியவை வேறு. எழுபது வயது அம்மா ஒருவர் காதிலிருந்து கைப்பேசியை எடுக்காமல் நிற்கிறார். எதற்குப் பணம் என்று கேட்டால் மனப்பாடம் செய்ததுபோல் ஒரு விடை வருகிறது. எப்போதும் உடன் வரும் மகன் இன்று வரவில்லை. இவற்றுள் ஒன்றும் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. பல ஊர்களில் முகப்பு ஊழியர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் நிறுத்தி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துப் பேசி, சேமிப்பு முழுவதையும் காப்பாற்றிய செய்திகள் நாளேடுகளில் வந்திருக்கின்றன. அவர்கள் அப்படிச் செய்ய முடிந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்திருக்கவேண்டும். அவர்களுக்கு நேரம் இருந்தது. தாமதப்படுத்தியதற்காகத் தண்டிக்கப்படமாட்டோம் என்ற உறுதி இருந்தது. வரிசையில் எட்டுப் பேர் காத்திருக்க, ஒரு வேலையை இத்தனை நிமிடத்தில் முடித்தாரா என்று கணினி அளந்துகொண்டிருந்தால், மிக நல்ல மனிதரும் தலைநிமிர்ந்து பார்க்கமாட்டார்.

இயந்திரம் இங்கே செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. வயது, வைப்பை முறித்த அன்றே புதிய பெறுநருக்குப் பெருந்தொகை, அந்தப் பெறுநரின் கணக்கு அண்மையில் திறக்கப்பட்டது என்ற குறிகளைச் சேர்த்துப் பார்த்து, இவரிடம் பேசுங்கள் என்று முகப்புத் திரையில் ஒரு வரி காட்டலாம். நிறுத்து என்ற கட்டளையைவிடப் பேசு என்ற கோரிக்கை இங்கே மேலானது. மகளின் திருமணத்துக்காக வைப்பை முறிப்பவரும் அதே குறிகளோடுதான் வருவார்.

பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். காவல்துறையையும் வங்கிகளையும் ஒரே வலையில் இணைத்திருக்கும் ஏற்பாடு அது. பணம் கணக்குக் கணக்காகத் தாவிச் செல்வதற்குள் வழியிலேயே நிறுத்த முயல்கிறது. அங்கே நிமிடங்களுக்கு மதிப்பு உண்டு.

உங்கள் பங்கில் வேறு சிலவும் இருக்கின்றன. கைப்பேசி எண் மாறியிருந்தால் கிளையில் பதிவு செய்யுங்கள். எச்சரிக்கையைக் கண்ட அலுவலர் அழைக்கும்போது அந்த எண் வேறொருவரிடம் இருந்தால், கணினியும் மனிதரும் செய்த வேலை அந்த ஒரு புள்ளியில் அறுந்துவிடும். வங்கியிலிருந்து வரும் அழைப்பு உண்மையானதா என்று ஐயமாக இருந்தால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, கணக்குப் புத்தகத்தில் உள்ள கிளை எண்ணுக்கு நீங்களே திரும்ப அழையுங்கள். அதை எந்த அலுவலரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

அலுவலர் ஓர் எச்சரிக்கையை மூடும்போது காரணம் குறிக்கவேண்டிய கட்டம் ஒன்று இருக்கும். வாடிக்கையாளரிடம் பேசப்பட்டது, பரிவர்த்தனை உண்மையானது என்பது போன்ற ஆயத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது. மென்பொருள் அடுத்தமுறை எதை ஐயுறவேண்டும் என்று கற்றுக்கொள்வது அந்தக் கட்டத்திலிருந்துதான். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே விடையைத் தேர்ந்தெடுத்தால் இயந்திரமும் அதையே கற்கும். எனவே புதிதாக வரும் இளைய அலுவலர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, நீங்கள் தொலைபேசியில் சொன்ன விடையை உள்ளபடியே அங்கே எழுதும்படிதான். பேரனின் கல்லூரிக் கட்டணம், ஆண்டுக்கொரு முறை ஜூன் மாதத்தில் வரும் என்று ஒரு வரி. அடுத்த ஜூனில் அந்த மேசையில் வேறொருவர் இருப்பார்.